செத்த அண்ணனின் வயது

எங்கள் மலையூர் ஐன்சவ்தாவில் செத்தவர்கள் ஓட்டுப் போடுவது புதிதல்ல. தேர்தலன்று எங்களுக்கு முன்னால் வந்து போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். உயிரோடிருந்த ஒருவனைத்தான் திருப்பி அனுப்பினார்கள். அவன் என் பக்கத்து வீட்டு நக்லே.

அவனுக்கு முன் பிறந்த ஆண்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதன் பெயரும் நக்லேதான். கல்லறையில் பெயரை வெட்டிவைத்த அப்பன், சாவைப் பதிய மலையிறங்கச் சோம்பல்பட்டு, அடுத்துப் பிறந்தவனுக்கு அதே பெயரையும் அதே பிறப்புச் சான்றையும் கொடுத்துவிட்டான். அந்தக் காலத்தில் பாதி ஊர் இப்படித்தான். காகிதத்தில் வயது கூடியதால் நக்லே பெரிய பையன்களோடு உட்கார்ந்து அடி வாங்கியே படித்தான். அவனுக்கென்று புதிதாக எதுவும் வாய்க்கவில்லை, பாவம். அதனாலோ என்னவோ, ஊர்த்தலைவரான முக்தார் பதவிக்கு அப்படி ஆசைப்பட்டுத் தேர்தலில் நின்றான். பிறப்போ சாவோ, முக்தார் முத்திரை குத்தினால்தானே செல்லும்!

எண்ணி முடித்தபோது அவனுக்கும் எதிர்த்து நின்ற சர்க்கீஸுக்கும் ஓட்டு சரிசமம். அப்படியானால் வயதில் மூத்தவனுக்கே பதவி என்பது சட்டம். காகிதப்படி நக்லேதான் மூத்தவன். அவன் வீட்டில் அன்று அராக் சாராயம் ஆறாய் ஓடியது.

சர்க்கீஸ் வழக்குப் போட்டான். "செத்த குழந்தையோட வயசக் காட்டி ஜெயிப்பானா? அவனவிட நான்தான்யா மூத்தவன்!"

இரண்டு பிறப்பையும் நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியிருந்த சாட்சி நக்லேயின் அக்கா வர்தே ஒருத்திதான்.

"அக்கா, உன் கையில முத்தம் வச்சுக் கேக்குறேன். ஒரே ஒரு பொய்."

"பைபிள்மேல கை வச்சா? அந்தப் புள்ள என் மடியிலதான்டா செத்தான். அவன் பொறக்கவே இல்லன்னு என் வாயால எப்படிடா சொல்லுவேன்?"

உள்ளதைச் சொல்லிவிட்டாள். முத்திரை சர்க்கீஸ் கைக்குப் போனது. நக்லே இறந்தவன் என்று பதிவேட்டைத் திருத்தச் சொல்லியும் தீர்ப்பில் இருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை, மடையர்கள்.

அடுத்த தேர்தலில் அவனோடுதான் சாவடிக்குப் போனேன். வர்தே அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"ஐயா, இந்தப் பேர அடிச்சிருக்கு. இவர் குழந்தையிலேயே இறந்துட்டார்," என்றார் அலுவலர்.

"அப்ப நான் யாரு தம்பி?"

"நீங்க பிறந்தீங்கன்னு தனியா வழக்குப் போடணும். பிறந்தப்ப பார்த்த சாட்சி யாராவது இருக்காங்களா?"

எனக்கு வந்ததே கோபம்! "பொணமெல்லாம் வந்து குத்திட்டுப் போகுது, இவனுக்கு மட்டும் சட்டமாடா?" என்று கத்தினேன். நக்லே என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"விடுடா, வீட்டுக்குப் போவோம்."

அந்தக் குளிர்காலத்திலேயே கண்ணை மூடினான். இறப்புச் சான்றுக்கு நான்தான் முக்தாரிடம் போனேன். சர்க்கீஸ் முத்திரையை எடுத்தான், திரும்ப வைத்தான். தலை நிமிரவில்லை.

"ஒரு பேருக்கு ரெண்டு சாவு எப்படிப்பா எழுதுறது?"

பழைய கல்லறையைத் திறந்து அண்ணனோடு கிடத்தினோம். கல்லில் புதிதாக எதுவும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.