ஏழாம் இடத்துக் கச்சர்

போன மாதம் மாமா பிறம்ரனிலிருந்து எங்கள் ரூஜ் பகுதி வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு தாள் வைத்திருந்தார். சப்பாத்தைக் கழற்றியதும் நேரே குசினிக்குப் போய் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப் பார்த்தார். எங்கள் புது ஃபிரிட்ஜில் காந்தம் ஒட்டாது. தாள் வழுக்கிக்கொண்டு நிலத்துக்கு வந்தது.

"என்ன ஃபிரிட்ஜ் உது? ஒரு லிஸ்ட் ஒட்ட வழியில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டு குனிந்து எடுத்தார். முப்பது பெயர்கள், பக்கத்தில் வயது, பிறகு வரிசையாகப் புள்ளிகள். மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டார், சொந்தமாக ட்ரக் ஓட்டுகிறார். லிஸ்ட் எழுதுவதை மட்டும் விடவில்லை.

எங்கள் நகரத்துப் பெரிய பேஸ்போல் அணிக்குக் கீழே நாலைந்து சின்ன அணிகள் உண்டு. தூரத்துச் சின்னப் பட்டணங்களில், பஸ்ஸிலே அலைந்து திரிந்து விளையாடும் பொடியன்கள். மேலேயிருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பதுதான் அவர்களுடைய முக்கால்வாசிச் சீவியம். அநேகம் பேரைக் கூப்பிடவே மாட்டார்கள். இவர்களில் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று வருடாவருடம் வரிசைப்படுத்தி எழுதுவதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் ஸ்காபரோவில் ஏழாம் மாடியில் இருந்த எங்கள் அப்பாட்மென்ற்றில் அப்படி நிபுணர்கள் இரண்டு பேர்: அம்மாவின் தம்பியான மாமா, மற்றது பத்து வயதான நான்.

மாமா வந்து எங்கள் வரவேற்பறைச் செற்றியில் படுக்கத் தொடங்கி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு கடிதம் வரவேண்டும், அது வந்தால்தான் இந்த நாட்டில் இருக்கலாம் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். அம்மா தினமும் கீழே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பீற்சாக்கடை விளம்பரங்களோடு மேலே வருவார். மாமா விடிய ஐந்து மணிக்குப் பிறம்ரன் வெயர்ஹவுஸுக்கு நாலு பேரோடு காரில் போய்ப் பின்னேரம்தான் திரும்புவார். அவருடைய தலையணையும் போர்வையும் பகல் முழுக்கச் செற்றியில் சுருண்டு கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் புத்தகப்பையோடு அதற்குள் விழுந்து படுத்துக்கொள்வேன். "இந்த வீடு ஒருநாளும் வீடு மாதிரி இராது" என்று அம்மா முணுமுணுப்பார். ஆனால் எடுத்து மடித்துவைக்கமாட்டார்.

வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் ரேடியோ கேட்டுத்தான் மாமா பேஸ்போல் படித்தார். ஆனால் பெரிய அணியில் அவருக்கு அக்கறை இல்லை. "அவங்கள் வந்திட்டாங்கள். வந்தவனைப் பாத்து என்ன செய்யிறது? வரப்போறவனைத்தான் பாக்கவேணும்" என்பார். ஒவ்வொரு வசந்தத்திலும் நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து உட்காருவோம். அடி, பலம், ஓட்டம், எறி, பிடி என்று ஐந்து நிரல். ஒவ்வொன்றுக்கும் இருபதிலிருந்து எண்பது வரை புள்ளி. நிபுணர்களும் அப்படித்தான் போடுவார்கள். மாமா அதற்குப் பக்கத்தில் தன்பாட்டில் ஆறாவதாக ஒரு நிரல் கீறி, 'பொறுமை' என்று தலைப்புப் போட்டார். எந்த நிபுணரும் அப்படிச் செய்வதில்லை என்று நான் சண்டை பிடித்தேன். மாமா கேட்கவில்லை.

நான் இரக்கமே இல்லாத நடுவர். என் வகுப்பு ரீச்சர் எனக்கு எப்படிப் புள்ளி போட்டாரோ, அதைவிடக் கறாராக நான் அந்தப் பொடியன்களுக்குப் போட்டேன். இப்போது மிசிசாகாவில் ஓர் அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களைத் தரம் பிரிப்பதுதான் என் தொழில். பயிற்சி எங்கே எடுத்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்றே ஒன்றுதான்: ஏழாம் இடம். அதில் மாமா ஒரு கச்சரை வைத்திருந்தார். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவன். வயது முப்பத்தொன்று. மற்றவர்கள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு. பதினொரு வருடமாகச் சின்ன அணிகளிலேயே குந்திக்கொண்டிருந்தவனை எந்த நிபுணரும் லிஸ்டில் சேர்க்கமாட்டார். மாமா அவனுக்கு ஓட்டத்துக்கு இருபதும் பொறுமைக்கு எண்பதும் போட்டு ஏழாம் இடத்தைக் கொடுத்திருந்தார். நான் அவனைக் 'கிழவன்' என்றுதான் சொல்வேன்.

அந்தக் கோடையில் அப்பா எங்களைக் காரில் நாட்டு எல்லை தாண்டிக் கூட்டிக்கொண்டு போனார். கச்சரின் அணி அங்கேதான் விளையாடியது, இரண்டு மணி நேர ஓட்டம். மாமா வரவில்லை. முதல்நாள் வரை துள்ளிக்கொண்டிருந்தவர், காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முதுகு நோகுது அத்தான், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். வழக்கு முடியாமல் எல்லை தாண்டினால் அவரால் திரும்பி வரமுடியாது. பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் முதுகுவலி என்றே நம்பினேன். மாமா தன் கொப்பியையும் பென்சிலையும் என் கையில் தந்து, "நீ பாத்து எழுதிக்கொண்டு வா. நீ பாத்தால் நான் பாத்த மாதிரித்தான்" என்றார்.

நான் பார்த்தேன். முழு ஆட்டத்திலும் கச்சர் மைதானத்து ஓர வாங்கிலேயே உட்கார்ந்திருந்தான். இடையிடையே எழும்பிப்போய்ப் பந்தெறிகிறவர்களின் பந்தைப் பிடித்து அவர்களுக்குக் கை சூடாக்கிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் கதிரையில் ஏறி நின்று, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த லிஸ்டில் அவன் பெயரை அழிறப்பரால் அழித்தேன்.

மாமா சோற்றுக் கோப்பையோடு நின்றார். "ஏன் எடுத்தனி?"

"அவன் இனி வரமாட்டான் மாமா. வயசு போட்டுது. சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான்."

வழக்கமாக மாமா என் காதைத் திருகுவார், அல்லது "ஓ, பெரிய நிபுணர்" என்று பழிப்பார். அன்று கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பல்கனிக்குப் போய்விட்டார். அடுப்படியில் நின்ற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னதில் என்ன பிழை? புள்ளிகள் அப்படித்தானே இருந்தன?

மறுநாள் கச்சர் மறுபடியும் ஏழாம் இடத்தில் இருந்தான். இந்த முறை பேனையால் எழுதியிருந்தது. நான் பேனையாலேயே வெட்டினேன். மாமா மேலே தாள் ஒட்டி எழுதினார். நான் தாளைக் கிழித்தேன். இரண்டு கிழமை இப்படியே போனது.

எங்கள் ஏழாம் இட வழக்கைத் தீர்க்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஒன்பதாம் மாடியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். சாதகம் பார்ப்பார். எங்கள் கட்டடத்தில் அவருக்குச் 'சாத்திரி அங்கிள்' என்று பெயர். ஒரு சனிக்கிழமை அம்மா மாமாவின் சாதகக் குறிப்பை என்னிடம் தந்து, கடிதம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டுவரச் சொன்னார். அடுப்பில் குழம்பு, அவரால் வரமுடியவில்லை. நான் என் பேஸ்போல் பட அட்டைச் சேகரிப்பிலிருந்து கச்சரின் காட்டையும் எடுத்துக்கொண்டேன். அதன் பின்பக்கத்தில் பிறந்த திகதியும் இடமும் அச்சிட்டிருந்தது.

சாத்திரி அங்கிள் மாமாவின் குறிப்பைப் பார்த்துப் பலனை எழுதி முடித்ததும், நான் காட்டில் இருந்த திகதியை வாசித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, "மற்றது ஆர் பிள்ளை?" என்றார்.

"மாமான்ரை ஆள். ரெக்ஸஸிலை பிறந்தவர்."

"ரெக்ஸஸிலையோ! பிறந்த நேரம்?"

காட்டில் நேரம் இல்லை. விளையாட்டுத் தொடங்கும் நேரம்தான் என் வாயில் வந்தது. "பின்னேரம் ஏழு அஞ்சு" என்றேன். அங்கிள் கட்டம் கீறினார், விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார், 'சனி விலகுகிறது, ஆவணிக்குள் அழைப்பு வரும்' என்று சின்னத் துண்டில் எழுதித் தந்தார். மாமாவின் துண்டில் 'தாமதம். பொறுமை வேண்டும்' என்று இருந்தது. அது புதினமில்லாத விடயம், சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

லிஃப்ற்றுக்குக்கூடக் காத்திராமல் படியால் ஓடிவந்து, "அம்மா, ஆவணிக்குள்ளை கூப்பிடுவினமாம்!" என்று கத்தினேன்.

அம்மா அகப்பையைப் போட்டுவிட்டு வந்து துண்டைப் பறித்து வாசித்தார். அழுதார். என்னைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சினார். துண்டைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி, விளக்குக் கொளுத்தி, ஊருக்குத் தொலைபேசி எடுத்து, பயறு அவித்து மோதகமும் செய்யத் தொடங்கினார். அம்மாவுக்கும் கச்சரில் இவ்வளவு அன்பா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாளும் வெளியே காட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் மாமா வந்தபோது மற்றத் துண்டை அவரிடம் கொடுத்தேன். அவருடையதுதானே. மாமா அதை வாசித்தார். படத்துக்குப் பின்னால் இருந்ததையும் எடுத்து வாசித்தார். நான் நடந்ததைப் பெருமையோடு சொன்னேன். குசினிக்குள் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மோதகம் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா தன்னுடைய துண்டை நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்தார்.

"அம்மாட்டை ஒண்டும் சொல்லாதை. கொஞ்ச நாளைக்குச் சந்தோசமா இருக்கட்டும்" என்றார். பிறகு ஒரு மோதகத்தைக் கடித்துக்கொண்டு, "அப்ப கச்சரை எத்தினையாம் இடத்திலை போடுறது?" என்று கேட்டார்.

சாத்திரமே சொன்னபிறகு நான் என்ன சொல்ல? "முதலாம் இடத்திலை" என்றேன்.

ஆவணி பிறந்தது. அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தரம் தபால்பெட்டிக்குப் போனார். மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு பின்னேரம் மாமா ரீவிக்கு முன்னால் எழும்பி நின்று, "வந்திட்டான்! வந்திட்டான்!" என்று கத்தினார். அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார்.

"கடிதமோ?"

"இல்லை அக்கா. இவனைக் கூப்பிட்டிட்டாங்கள்."

பெரிய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கச்சர் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தான். நான் அம்மாவுக்கு முழுக் கதையையும், ஏழு ஐந்து மணி உட்பட, விளக்கினேன். அம்மாவின் முகம் வாடியது. அடி விழப்போகிறது என்று தெரிந்து நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ரீவியையே பார்த்தார்.

"எத்தினை வருசமா நிண்டவன்?"

"பதினொண்டு" என்றார் மாமா.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் பேஸ்போல் பார்த்ததில்லை. அடிக்க நின்ற கச்சர் மூன்று பந்தையும் தவறவிட்டு வெளியே போனான். "பறுவாயில்லை, அடுத்தமுறை அடிப்பான்" என்றார் அம்மா. குழம்பு அடிப்பிடித்து மணந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

மாமாவின் கடிதம் வர இன்னும் மூன்று பனிக்காலம் சென்றது. அதற்குள் எனக்கு லிஸ்டில் இருந்த ஆசை போய்விட்டது.

போன மாதம் வந்தவர் இரவு எங்களோடு தங்கினார். காலையில் நான் எழும்பிக் கீழே வர, அவர் படுத்த செற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. போர்வை மடித்து, தலையணை அதன்மேல் வைத்து, அலுமாரிக்குள் போய்விட்டது. ஆள் படுத்ததற்கு அடையாளமே இல்லை. "உவன் எப்பவும் இப்பிடித்தான். ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கமாட்டான்" என்றார் அம்மா, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு.

எப்போதும் அப்படி இல்லை. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் கச்சரின் பெயரை அழித்து, 'சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான்' என்று சொன்னதற்கு மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, வழக்கம்போலப் புத்தகப்பையோடு செற்றியில் விழுந்தேன். போர்வை இல்லை, தலையணை இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் இருக்கவில்லை. விடிய நாலரைக்கே எழும்பி எல்லாவற்றையும் மடித்து ஒளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். மாமாவுக்கு ஒருவழியாகத் துப்புரவு பழகிவிட்டது என்று நான் நினைத்தேன். அதற்கு அவருக்கு அறுபது புள்ளிகூடப் போட்டேன்.