வயதுக் கட்டத்தில் பூஜ்யம்

1. இரண்டே இரண்டு

1991, மார்ச் முதல் வாரம். அடி அண்ணாமலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மக்கள்தொகைக் கணக்கெடுத்து முடித்திருந்தேன். ஆரம்பப் பள்ளி ஆசிரியனான எனக்கு அதுவே முதல் கணக்கெடுப்பு. மறுநாள் மாலை படிவங்களை சூப்பர்வைசரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கூட்டல் சரியாகவே வந்தது. வயதுக் கட்டம்தான் உறுத்தியது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பூஜ்யம் என்று எழுதுவது விதி. நூற்றுப் பத்து வீட்டுக்கு இரண்டே பூஜ்யம். நான் நடந்த தெருக்களிலோ கொடிக்குக் கொடி குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

அந்த ஊர்ப் பெண்கள் பால்வாடி கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்தவன் நான். முதல் கைநாட்டு சகுந்தலாவுடையது. ‘குழந்தைகள் குறைவு’ என்று மனு திரும்பி வந்திருந்தது. என் படிவமும் அதையே சொன்னால் இன்னும் பத்து வருஷத்துக்கு அதுதான் பதில்.

2. பச்ச மண்ணு

விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். சகுந்தலா களையெடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வீட்ல நாலு பேருனு சொன்னீங்களேம்மா?"

"ஆமா சார். மாமியா, அவரு, நானு, பெரியவன்."

"இடுப்புல யாரு?"

சிரித்துவிட்டார். "இது பச்ச மண்ணு சார். இன்னும் மொட்டை கூட அடிக்கல. இதையுமா கவர்மெண்டுல எழுதுவாங்க?"

"இதைத்தான் எழுதணும். பால்வாடி என்ன, உங்க மாமியாருக்கா கேட்டீங்க?"

"கேட்டாலும் கேட்டிருப்பா சார்," என்றார் மாமியார் உள்ளேயிருந்து. "என்னையும் அங்க வுட்டுட்டுப் போவலாம் இல்ல?"

சகுந்தலா அன்று வேலைக்குப் போகவில்லை. எனக்கு முன்னால் நடந்து வாசல்தோறும் குரல் கொடுத்தார்: "ஏய், கைப்புள்ளைய எட்தாந்து காட்டுடி! வுட்டுட்டா நமக்குத்தான் நஷ்டம்!"

மதியத்துக்குள் இரண்டு, பத்தொன்பது ஆனது.

"என்ன சார், இவ்ளோ திருத்தம்?" என்றார் சூப்பர்வைசர். "ஒரே நாள்ல பதினேழு பிரசவமா?"

"தப்பு என்னுது சார். எத்தனை பேருனு கேட்டேன், சொன்னதை அப்படியே எழுதிட்டேன்."

அவர் நம்பவில்லை. நேரில் வந்து ஐந்து வீடு பார்த்தார். ஐந்து குழந்தைகளையும் பார்த்த பிறகு, திருத்தம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

3. பத்து

2001-இல் நானே சூப்பர்வைசர். என் ஆட்களிடம் சொன்னேன்: "கூட்டல் சரியா வந்துட்டா கணக்கு முடிஞ்சிடாது. கைப்புள்ள இருக்கானு தனியா கேளுங்க. கொடியைப் பாருங்க."

அதற்குள் பால்வாடி வந்திருந்தது. என் படிவத்தால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் சரிபார்க்க வந்த படிவங்களில் சகுந்தலா வீட்டுத் தாளும் இருந்தது. நான் பூஜ்யம் போட்டவளுக்கு வயது பத்து. எழுதப் படிக்கத் தெரியுமா என்ற கட்டத்தில், ‘தெரியும்’.