பிலுண்ட் – டோட்முண்ட், ஒரு மணித்தியாலம்

கனடாவின் மல்வேர்னில் சிறி அண்ணையைத் தெரியாதவர் இல்லை. ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்துநான்கு வருட வேலை. எந்தத் தூரத்தையும் அவர் கிலோமீற்றரில் சொன்னதில்லை. "ஒஷாவாவோ? முப்பது நிமிசம். மொன்றியலோ? அஞ்சு மணித்தியாலம்" என்பார். கனடா கற்றுக்கொடுத்த அந்தக் கணக்கே ஒரு நாள் அவரைக் கண்ணீர்க் கடலில் தள்ளியது.

ஸ்ரீஸ்கந்தராசா என்ற அந்தப் பாசக்கார மனிதருக்கு இரண்டு தங்கைகள். மூத்தவள் தவமலர் டென்மார்க்கில், பிலுண்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். இளையவள் யோகமலர் ஜெர்மனியில், டோட்முண்டில். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கலியாணவீட்டுக்கு இருவரும் ஒரே கிளிப்பச்சைச் சேலையில் வந்துவிட்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது இரண்டு வீட்டுப் பெண்களும் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு. இருவரும் பார்த்தது ஒரே பஞ்சாங்கம். ஆகவே ஒரே சனிக்கிழமை. டென்மார்க்கில் காலை, ஜெர்மனியில் பின்னேரம். தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் மட்டும் ஒருவர்தான்.

சிறி அண்ணை கொம்பியூட்டரில் இரண்டு விமான நிலையங்களையும் அடித்தார். நானூற்றெண்பது கிலோமீற்றர், பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் என்று வந்தது. உடனே இரண்டு தங்கைகளுக்கும் தனித்தனியே போன் எடுத்தார்.

"பிள்ளை, இந்த அண்ணன் உயிரோட இருக்குமட்டும் உன்ர மகள் மாமன் இல்லாமல் மணையில இருக்கமாட்டாள்."

இருவரும் விம்மினார்கள். மற்றவளின் சடங்கைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

டிக்கெற் எடுக்க உட்கார்ந்த மகள் துர்க்கா உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பா, நேரா ஒரு பிளேனும் இல்லை."

"ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கே!"

"உது ஜஸ்ட் கல்குலேற்றர் அப்பா. மெப்பில கோடு கீறிச் சொல்லுது. மாறி மாறிப் போனால் ஒன்பது மணித்தியாலம்."

"கோடோ?" சிறி அண்ணை நாற்காலியில் சரிந்தார்.

குசினியிலிருந்து மனைவி புனிதவதியின் குரல் வந்தது. "அந்தக் கோட்டிலயே தொங்கிக்கொண்டு போங்கோவன். வேட்டியை மட்டும் இறுக்கிக் கட்டுங்கோ."

எந்தத் தங்கையைக் கைவிடுவது? எந்த மருமகளை மாமன் அற்றவளாக்குவது? ஒருத்தியிடம் முதலில் சொன்னால் மற்றவள் தாங்கமாட்டாள். ஆகவே இருவரையும் ஒரே வீடியோ அழைப்பில் எடுத்தார். ஆறு வருடங்களின் பின் இரண்டு முகங்களும் ஒரே திரையில் தோன்றின.

"அண்ணனைக் கொன்றுபோடுங்கோடி!" என்று கதறி, கோட்டின் கதையைச் சொல்லி முடித்தார்.

முதலில் யோகமலர்தான் வாயைத் திறந்தாள். "அக்கா, கேட்டியளே? எனக்கெண்டு மட்டும் வாறன் எண்டவர்."

"எனக்கும் உதே கதைதானடி! அழைப்பிதழில பேரும் அடிச்சுப்போட்டன்."

பிறகு அக்காவும் தங்கையும் சேர்ந்து நாற்பது நிமிடம் அவரை வறுத்தெடுத்தார்கள். வறுவலின் நடுவிலேயே கதை பிள்ளைகளின் பக்கம் திரும்பியது.

"அக்கா, இவளையும் உங்கட மணையிலயே இருத்துவமே? வெள்ளிக்கிழமை காரில வாறம்."

"வாடி. ரெண்டுக்கும் ஒரே நிறத்தில சேலை எடுப்பம்."

சிறி அண்ணை மூக்கை உறிஞ்சினார். "பிள்ளையள், ரோட்டால எத்தினை மணித்தியாலமெண்டு நான் பாத்து..."

"நீங்கள் வாயை மூடுங்கோ அண்ணை!"

இரண்டு குரல்களும் ஒன்றாக வந்தன. அவர் வாயை மூடிக்கொண்டார். கண்கள்தான் கேட்கவில்லை, வழிந்துகொண்டே இருந்தன.