ஹந்தானை மலையில் ஒரு ஓம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வார். அதையே அண்ணா சொல்லும்போது கொஞ்சம் கடுமையாக இருக்கும். யுத்த காலத்துக் கொழும்பில் இப்படிப்பட்ட காலோடு வாழ்வது பெருந்தொல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் எல்லாவற்றையும் நான் நடந்து தீர்த்திருந்தேன். எல்லாம் ரயில் பாதையில் போய் முடியும். திரும்பி வந்து அடுத்த ஒழுங்கையைப் பிடிப்பேன். சந்திச் சோதனைச் சாவடியில் நிற்கும் ஆமிக்காரன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு "கொஹேத யன்னே?" என்பான், எங்கே போகிறாய் என்று. கடைக்கு, கோயிலுக்கு, கந்தோருக்கு என்றால் விடுவான். சும்மா நடக்கிறேன் என்பது ஒரு பதிலே அல்ல. ஒரு தடவை அந்த உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், வெயிலில் வெகுநேரம் நிறுத்தி வைத்தான். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பேக்கரியில் பாண் வாங்கப் போகிறவள் மாதிரி வெறும் பையொன்றைக் கையில் கொண்டு போகப் பழகிக்கொண்டேன்.

அப்பா கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் நான் பிறந்தேன். அதனால் அட்டையில் பிறந்த இடம் கொழும்பு என்றிருந்தது. வளர்ந்ததெல்லாம் யாழ்ப்பாணத்தில்தான், ஆனால் அதை அட்டை சொல்லாது. வாய்தான் சொல்லும்.

புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்தவள் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். கண்டிக்கு மேலே ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து படித்து வந்தவள். என்னைவிட இரண்டு வயது இளையவள். அவள் வந்த முதல் நாள் சட்டத்தரணி உள்ளேயிருந்து, "பைல் எடுத்து வச்சாச்சா, பிள்ளை?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள் அவள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஓம் என்பதைத் தோட்டத்தில் ஆமா என்பார்கள்; நான் சிரித்துவிட்டேன். சிறு சிரிப்பல்ல, தட்டச்சு இயந்திரத்தில் கையை வைத்தபடி குலுங்கிச் சிரித்தேன். பக்கத்து மேசைப் பெரியவரும் சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து அவளுக்குக் கந்தோரில் 'ஆமாங்க' என்றே பெயர்.

"யாழ்ப்பாணத்து லோயர்மாருக்கு முன்னால ஆமாங்க எண்டு நிண்டால் கூலிக்கு வந்தவள் எண்டுதான் நினைப்பினம். ஓம் எண்டு சொல்லிப் பழகு" என்றேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இதை இப்போது எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவள் கெட்டிக்காரி. மூன்று மாதத்தில் ஓம் என்றாள், கதைக்க என்றாள், 'வந்தனான்' கூட வந்துவிட்டது. தொலைபேசியில் அவளோடு பேசியவர்கள் "தங்கச்சி எந்தப் பக்கம்? சாவகச்சேரியோ?" என்று விசாரித்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணாவின் கட்டுப்பாடுகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குள் வீடு, பொலிஸ் பதிவில் உள்ளபடி ஆள் வீட்டில் இருக்க வேண்டும், கடற்கரைக்குப் போகக்கூடாது. கேட்டுக்கொண்டிருந்தவள், "எங்கட ஊருக்கு வாங்கோ அக்கா. பௌர்ணமிப் போயாவோட மூண்டு நாள் லீவு வருது. சுத்திவர மலை. கால் நோகும் மட்டும் நடக்கலாம்" என்றாள். அன்றிரவே அண்ணாவிடம் ஒற்றைக் காலில் நின்றேன். கண்டியில் ஒரு பிள்ளையார் கோயிலுக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று பொய்யும் சொன்னேன். என்ன நேர்த்தி என்று அவர் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணம் சரிவர வேண்டும் என்பதாகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

ரயில் ரம்புக்கனையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, குறை நினைக்காதீங்கோ. எங்கட பக்கம் ஓம் எண்டு சொல்லாதீங்கோ. மலையில டவர் இருக்கு, ஆமி காவல். போன வருஷம் ஒரு வீட்டில யாழ்ப்பாணத்து ஆள் தங்கினதெண்டு அந்த வீட்டுப் பெடியனைக் கொண்டுபோய் ஒரு கிழமை வச்சிருந்தவங்கள். ஆமா எண்டு சொல்லுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. என் வாய் தவறினால் அவளுடைய அம்மாவும் தம்பியும் இருக்கும் வீட்டுக்குத்தான் ஆபத்து என்று புரிந்ததும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி, ஆமா, ஆமாங்க, ஆமா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த சிங்கள அம்மா நான் ஏதோ ஜெபம் செய்வதாக நினைத்து, தன் பையைக் கொஞ்சம் நகர்த்தி எனக்குக் கால் வைக்க இடம் தந்தார்.

கண்டியில் இறங்கியதும் நடக்கத் தொடங்கினேன். சந்தைக்குள் புகுந்து, மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி, வாவிக்கரைக்கு வந்து, தலதா மாளிகைப் பக்கம் பையைத் திறந்து காட்டிவிட்டு, வாவியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். மன்னர் காலத்து வெள்ளைச் சுவரில் விளக்கு வைப்பதற்கென்று விட்ட துளைகள் வரிசையாக இருந்தன. அவள் நின்று அதைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். நான் பத்து அடி முன்னால் போயிருந்தேன். பிறகு படிக்கட்டு ஒழுங்கைகள், பழைய மரப் பலகணி வீடுகள், ஒரு மேட்டில் ஏறினால் இன்னொரு மேடு. ஒரு தேநீர்க் கடையில் "சீனி போடவா?" என்று தமிழில் கேட்டார்கள். "ஆமாங்க" என்றேன். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரீட்சையில் தேறியவள் போல அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன்.

ஆனால் பின்னேரமே எனக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையும் ரயில் பாதையில் முடிந்ததென்றால், இங்கே எந்தத் தெருவும் மலையில் முடிந்தது. சுற்றிவர மலை. வெளியே பார்க்க முடியாத ஊர். அரசர்கள் இதற்குள் பாதுகாப்பாக இருந்தார்களாம். இருந்திருப்பார்கள், அவர்களுக்கு என் கால் இல்லை. ஏதாவது ஒரு மலைக்கு மேலே ஏறி அந்தப் பக்கத்தைப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றேன்.

லயத்தில் அவளுடைய அம்மா எங்களுக்கு ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்துத் தந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுடைய பேச்சு மாறிவிட்டதைக் கவனித்தேன். அம்மாவோடும் தம்பியோடும் ஒரு தமிழ், என் பக்கம் திரும்பினால் இன்னொரு தமிழ். ஒரு தடவை இரண்டும் கலந்து, அம்மா கேட்ட எதற்கோ ஓம் என்று சொல்லிவிட்டாள்.

"என்னாடி அது, கொழும்புக்குப் போய் மந்திரம் படிச்சிட்டு வந்திருக்க? ஓம்னு தொடங்கிட்ட, நமசிவாயன்னு முடிச்சிரு" என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். அவள் முகம் சிவந்து போனது. அது வெட்கம் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலை மலைக்குப் புறப்பட்டோம். அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை சவர்க்காரம் பூசிக்கொண்டோம். தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை, பிறகு பைன் மரங்கள், அதற்கு மேலே இடுப்பளவு மானாப் புல். பைன் மரங்கள் முடியும் இடத்தில் அவள் நின்றாள்.

"போதும் அக்கா. இதுக்கு மேல டவர்க்காரன் நிப்பான்."

"இன்னும் கொஞ்சம்."

"நான் சின்னதில இருந்து இதுக்கு மேல போனதில்லை."

"அப்ப வா, இண்டைக்குப் போவம்" என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. புல் உரசும் சத்தம் பின்னால் கேட்டது. வருகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

உச்சிக்கு வந்தபோது காற்று முகத்தில் அடித்தது. கீழே நகரம் முழுவதும் ஒரு கோப்பைக்குள் கிடந்தது. நேற்று நான் கால் நோகச் சுற்றிய வாவி கைக்குட்டை அளவு இருந்தது. அந்தப் பக்கம் திரும்பினேன். அங்கேயும் மலைகள், அதற்கு அப்பாலும் மலைகள், நீலமாக, முடிவில்லாமல். என் வாழ்க்கையில் அப்படியொரு ஏமாற்றமும் அப்படியொரு சந்தோஷமும் ஒன்றாக வந்ததில்லை. இன்னும் போகலாம் என்றுதான் மனம் சொன்னது. அப்போதுதான் "ஹோவ்!" என்று கூப்பிட்டார்கள்.

துப்பாக்கியோடு இரண்டு பேர். கூடவே சாதாரண உடுப்பில் ஒருவர், நடுவயது, கையில் குடை. துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் என் அட்டையைப் பார்த்தான். சிங்களத்தில் கேட்டான், சிங்களத்தில் சொன்னேன். கொழும்பு, தட்டச்சு வேலை, கூட வேலை செய்யும் நண்பி வீட்டுக்கு வந்தேன். குடைக்காரர் தமிழுக்கு மாறினார். தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவராக இருக்க வேண்டும், அவருடைய தமிழ் அச்சாகத் தோட்டத்துத் தமிழ்.

"மலையைப் பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை.

அவர் தலையாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவளிடம் அடையாள அட்டை இல்லை. தோட்டத்து மக்கள் பலருக்கு அப்போது இல்லை, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். தோட்டத்துத் துரையின் கையெழுத்தும் அவளுடைய படமும் உள்ள கடிதமொன்றை உறைக்குள் வைத்திருந்தாள். அதை நீட்டினாள்.

"நீ இந்தத் தோட்டத்துப் புள்ளதானா?"

"ஓம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது விளங்கியது. கையால் வாயைப் பொத்தினாள். அது இன்னும் கெடுத்துவிட்டது.

"தோட்டத்துல யாரும்மா ஓம்னு சொல்றா?" என்றார் குடைக்காரர், கோபமே இல்லாமல். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மற்ற இருவரிடமும் சிங்களத்தில் சொன்னார்: கடிதம் பொய்யாக இருக்கலாம், இவள் வடக்கு.

இவள் இல்லை, நான்தான் வடக்கு. அந்த வசனம் சிங்களத்தில் எனக்குப் பிழையில்லாமல் தெரியும். நான்கே சொற்கள். வாயைத் திறந்தேன். "இவள் என்னோடு வேலை செய்கிறவள்" என்பது மட்டும் வந்தது. அது ஏற்கெனவே சொன்ன செய்தி. நீ போகலாம் என்று என் அட்டையைத் திருப்பித் தந்தார்கள். அவளை டவர்ப் பக்கமாகக் கூட்டிப் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் இறங்கி ஓடினேன். எத்தனை தடவை விழுந்தேன் என்று தெரியாது. லயத்தில் அம்மாவிடம் சொன்னபோது அவர் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக் கிளாக்கர் வீட்டுக்கு நடந்தார். கிளாக்கர், தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு இருந்த புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனார். நான் லயத்து வாசலில் நின்றேன். அந்த ஒருநாள்தான் என் கால்கள் நடக்க மறுத்தன.

பொழுது சாய்வதற்குள் அவள் வந்துவிட்டாள். அடிக்கவில்லை, கேள்விதான் என்றாள். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்களாம், ஓம் என்று எங்கே படித்தாய் என்று.

"என்ன சொன்னாய்?" என்றேன்.

"ரேடியோ கேட்டுப் பழகிடுச்சின்னு சொன்னேன்."

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் கால் கழுவ எழுந்து போய்விட்டாள்.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு கந்தோரில் எல்லாம் பழையபடி நடந்தது, ஒன்றைத் தவிர. அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, ஆமா என்றும் சொல்லவில்லை. கேட்டால் தலையாட்டினாள். தொலைபேசியில் தலையாட்ட முடியாதே, என்ன செய்யப்போகிறாள் என்று ஒருநாள் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பைல் வந்துவிட்டதா என்று கேட்டிருப்பார்கள். "வந்திருக்கு சேர்" என்றாள். நாளைக்குத்தானே வழக்கு என்றிருப்பார்கள். "நாளைக்குத்தான் சேர்" என்றாள். தமிழில் ஒப்புக்கொள்வதற்கு அந்த இரண்டு சொல்லும் தேவையில்லை என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். மாதக்கணக்காக அப்படியே கதைத்தாள். பக்கத்து மேசைப் பெரியவருக்கு இது கண்ணில் படவே இல்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் குத்தியது.

கனடாவுக்கு எனக்கு விசா கிடைத்து, வேலையை விட்டு நிற்கும் கடைசி நாள். மேசை லாச்சியைத் துப்புரவாக்கிவிட்டு, போகாமல், அவளுடைய மேசைக்கும் கதவுக்கும் நடுவில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"என்னில கோவமோ?"

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். தலையாட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

கந்தோரில் யாரும் சிரிக்கவில்லை.