கை எடுக்கிற இடம்

அம்மாவின் வலது கையில் மட்டும் நகம் வளர்கிறது என்பதை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. நோய்க்காலம் என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மலைக்கு மட்டும் லீவு கிடையாது. அம்மா வழக்கம்போல விடிந்ததும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். எனக்கோ அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

இடது கை நகங்களை அம்மா சதையோடு ஒட்ட வெட்டியிருந்தாள். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த மூன்று விரல்களும் நகம் வளர்த்துக்கொண்டிருந்தன. சுண்டுவிரல் பாவம், அதற்கு அனுமதி இல்லை. கொழுந்து பறிக்கிறவளுக்கு நகம் ஆகாது. நகம் பட்டால் கொழுந்து சிவந்துவிடும், கணக்கப்பிள்ளை கூடையைக் கிளறிப் பார்த்து ஏசுவார். அதனால் பழைய சேலைத் துண்டுகளை விரல்களில் சுற்றிக்கொண்டு பறித்தாள். ஒருநாள் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது, பக்கத்து நிரையில் நின்ற அக்கா ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னடி, விரலுக்கெல்லாம் சேலை கட்டிவிட்டிருக்க? கல்யாணமா?”

“ஆமா, நாலு பேருக்கும் ஒரே முகூர்த்தம்,” என்றாள் அம்மா, பறிக்கிற கை நிற்காமல்.

இத்தனைக்கும் காரணம் மாமா. அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலையில் இருந்தார். ஹோட்டலை மூடியதும் ஒரு பையும் இரண்டு கிட்டார்களுமாக ஊருக்கு வந்து இறங்கினார். ஹோட்டலில் சாப்பிட வருகிறவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், அவசரமாக ஊர் திரும்பும்போது விட்டுப்போனவையாம். அந்த வெள்ளைக்காரர் வாசித்தது எல்லாம் முன்னூறு வருடத்துக்கு முந்திய இசை. அதற்குப் பெயர் பரோக் என்று மாமா சொன்னார். அது ஏதோ ஊரின் பெயர் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்தார். அக்கரப்பத்தனை டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, தோட்டத்தில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கல்யாணத்துக்கு முன்னால் ஆசையாக வாங்கிய கிட்டார் ஒன்று அலுமாரிக்கு மேலே கிடந்தது. கடையைச் சாத்தி, மஹ்ரிப் தொழுதுவிட்டு, அதை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேருவார். பனி இறங்கினால் தந்திகள் இளகிப் போகும். சுதி சேர்த்து முடிப்பதற்குள் பாதி மாலை போய்விடும். மாமாவின் தந்தி ஒன்று அறுந்தபோது, கொத்மலை நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு விற்கும் நைலோன் நூலைக் கடையிலிருந்து கொண்டுவந்து கட்டினார் நானா. அது நன்றாகவே பாடியது.

பயிற்சி நடந்தது பிள்ளை மடுவத்தில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. மாலையில் காலியாக இருக்கும். அங்கே இருந்தவை குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள்தான். அவற்றில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். அந்த இசையை வாசிக்கிறவர்கள் இடது காலை உயர்த்தி வைக்க ஒரு சின்னப் பலகை வைத்திருப்பார்களாம். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பலகையே தேவைப்படவில்லை.

சொல்லித்தர யாரும் இல்லை. மாமாவின் ஃபோனில் இருந்த ஒரே ஒரு வீடியோதான் அவர்களுக்கு வாத்தியார். ஹட்டனில் ஃபோன் கடைத் தம்பி ஒருவர் எங்கிருந்தோ பதிந்து கொடுத்தது. அதில் மூன்று பேர் கிட்டார் வாசிப்பார்கள். முதல் ஆள் ஒன்றைச் சொல்வார், இரண்டாவது ஆள் கொஞ்சம் பிந்தி அதையே சொல்லிக்கொண்டு பின்னால் ஓடிவருவார். மூன்றாவது ஆள் இருவரையும் சட்டை செய்யாமல், கீழ்க்குரலில் ஒரே சின்ன மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். மாமாவும் நானாவும் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதுக்கு ஆள் இல்லை. அப்பா கொழும்பில், கடை வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். வந்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டார், சிரித்திருப்பார்.

அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருக்கும்போதுகூட என் தலையை இழுத்து வைத்துப் பின்னிக்கொண்டிருப்பாள். அப்பாவோடு ஃபோனில் பேசும்போது வெங்காயம் உரிப்பாள்.

“இந்த மூணாவது ஆளு ஒரே மெட்டயே வாசிக்கிறான்கா. அதுக்கு ஒருத்தன் கெடச்சா போதும்,” என்று மாமா அலுத்துக்கொண்டார்.

“செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்யணும், அவ்வளவுதானே? நான் நாள் முழுக்க அதைத்தானேடா செய்யிறேன். இங்க குடு,” என்றாள் அம்மா.

இருவரும் விளையாட்டு என்று நினைத்துக் கொடுத்தார்கள். தந்தியை நகத்தால் மீட்டவேண்டும் என்றதும் அம்மா வலது கையில் நகம் வளர்க்கத் தொடங்கினாள். சில வாரங்களில் மூவரில் தப்பு இல்லாமல் வாசித்தது அம்மா ஒருத்திதான். அதன்பிறகு நானா அவளைப் பார்த்துத்தான் தாளம் பிடித்தார்.

அந்த வீடியோவின் நடுவில் ஓர் அதிசயம் இருந்தது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கிற இசை ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடும். மூன்று பேரும் தந்தியிலிருந்து கை எடுத்தபடி அசையாமல் இருப்பார்கள். நன்றாக ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு மூவரும் விட்ட இடத்திலிருந்து சேர்ந்தே தொடர்வார்கள். எங்கள் ஆட்களும் அதை அப்படியே படித்துக்கொண்டார்கள். திரும்ப அம்மா முதலில் தொடங்க, மற்ற இருவரும் சேர்ந்துகொள்வார்கள். அதற்குக் கை எடுக்கிற இடம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும். ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டேன். அந்தக் காலத்து ராஜா அந்த இடத்தில் எழுந்து போயிருப்பான், அவனுக்கு மரியாதையாக நிறுத்தியிருப்பார்கள் என்றார் மாமா. நானா இன்னும் யோசித்து, பாதி வாசித்ததும் பெருமை வந்துவிடாமல் இருக்க ஒரு அடக்கம் என்றார். அம்மாவிடம் கேட்டேன். “நிறுத்தச் சொன்னா நிறுத்த வேண்டியதுதான்,” என்றாள்.

ஆனால் அந்த இடத்தில் அம்மா என்னவோ செய்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். மற்ற இருவரும் அடுத்து எப்போது என்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா மட்டும் இரண்டு கைகளையும் கிட்டாரின் மேல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். தோள் இரண்டும் கீழே இறங்கும். மனதுக்குள் எண்ணுகிறாளா? சாமி கும்பிடுகிறாளா? பக்கத்தில் போய் வாய் அசைகிறதா என்று குனிந்துகூடப் பார்த்தேன். அசையவில்லை.

இந்த ஆராய்ச்சி என்னை மேலே ஒற்றைக்கல் வரைக்கும் கொண்டுபோனது. தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்தப் பாறையில்தான். ஃபோனில் பாடம் நடந்த நாட்களில் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் குந்தியிருப்போம். கணக்குப் பாடத்துக்கும் சமயப் பாடத்துக்கும் நடுவில் மாமாவின் ஃபோனில் தேடித் தேடி, அதே மூன்று பேரை, அதே சட்டைகளோடு கண்டுபிடித்துவிட்டேன். முழு வீடியோ. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கை எடுக்கிற இடம் வந்தது. அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்கள். நிறுத்தவே இல்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன், நிறுத்தவே இல்லை.

சமயப் பாடத்தை விட்டுவிட்டு மலையிறங்கி ஓடினேன். உலகத்திலேயே பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட தலைக்கனம் எனக்கு.

அன்று மாலை மாமா முழு வீடியோவைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “அட, இது சிக்னல் இல்லாம ஃபோன்ல படம் நின்னுபோனது நானா. கடைக்காரப் பய அதையும் சேர்த்துப் பதிஞ்சு குடுத்திருக்கான். வட்டம் கிட்டம் சுத்தியிருந்தாலாவது தெரிஞ்சிருக்கும்.” நானா சிரித்துச் சிரித்து இருமினார். இவ்வளவு நாளும் கெட்டுப்போன வீடியோவுக்கு மரியாதை செய்திருக்கிறோம் என்றார். இனிமேல் நிறுத்தாமல் வாசிப்பது என்று முடிவானது.

“அப்படின்னா நான் வரல,” என்றாள் அம்மா.

மாமாவுக்குப் புரியவில்லை. “அது ஃபோன் கோளாறுக்கா. பாட்டுல அது இல்ல.”

“இல்லாட்டி போகட்டும். எனக்கு அது வேணும்.”

அம்மா எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டிருக்க மாட்டார் போல. அவர் நானாவைப் பார்க்க, நானா தன் கிட்டாரைப் பார்த்தார். அம்மா சுளகை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை. நாலாம் நாள் பார்த்தால் வலது கை நகங்களை வெட்டுவதற்குப் பிளேடைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிக்கூடம் அப்போது திறந்துவிட்டது. சரஸ்வதி பூசைக்குப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் வாணி விழாவில் எங்கள் அம்மா கிட்டார் வாசிக்கப் போகிறாள் என்று வகுப்பில் நான் ஏற்கெனவே தம்பட்டம் அடித்திருந்தேன். டீச்சர் அதிபரிடம் சொல்லி நிகழ்ச்சி நிரலிலும் சேர்த்துவிட்டார். பிளேடைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டு அழுதேன். என் மானமே போய்விடும் என்றேன். அம்மா சேலைத் தலைப்பை நீட்டினாள். “சரி, மூக்கைத் துடை,” என்றாள். அன்று மாலை மடுவத்துக்குப் போய் நிறுத்தாமல் வாசித்துப் பழகினாள். ஒரு தப்பும் வரவில்லை.

வாணி விழா அன்று மேடையில் பெரிய நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால் மூவருக்கும் கிட்டார் மடியில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. மடுவத்தில் முழங்கால் தூக்கியே பழகிவிட்டார்களே. கடைசியில் முதலாம் வகுப்பிலிருந்து மூன்று குட்டி நாற்காலிகள் வந்தன. நானா அதில் உட்கார்ந்ததும் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடானது.

தொடங்கினார்கள். மாமா சொல்ல, நானா பின்னால் ஓட, கீழே அம்மா. சிரிப்பு அடங்கியது. அம்மாவின் கட்டைவிரல் நகம் பட்ட ஒவ்வொரு ஒலியும் கடைசி வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கை எடுக்கிற இடம் வந்தது. மாமா கை எடுத்தார். நானாவும் கை எடுத்தார்.

அம்மா மட்டும் நிறுத்தவில்லை. புதிதாகப் பழகியபடி இரண்டு மூன்று ஒலிகள் தனியாகப் போனாள். பிறகு திரும்பி மாமாவைப் பார்த்தாள், நானாவைப் பார்த்தாள். இருவரும் மடியில் கை வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் மெல்லக் கை எடுத்தாள். கிட்டாரின் மேல் இரண்டு கைகளையும் போட்டாள், கண்ணை மூடினாள்.

ஒரு மூச்சு நேரம் போனது. அம்மா தொடங்கவில்லை. அவள் தொடங்காமல் மற்றவர்களும் தொடங்க முடியாது. இன்னொரு மூச்சு. பூசை அவல் கடலைக்கு அழுத குழந்தைகூட அடங்கிவிட்டது. முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து அதிபர் எழுந்து மைக்கை நோக்கி நடந்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். மூவரும் பாட்டை மறந்துவிட்டார்கள், நாளைக்கு வகுப்பில் எப்படி முகத்தைக் காட்டுவேன்? அம்மாவின் முகத்தில் பயமும் இல்லை, அவசரமும் இல்லை. அதிபர் பாதி வழி வந்த பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள். கட்டைவிரல் தந்தியில் இறங்கியது. மாமாவும் நானாவும் சேர்ந்துகொண்டார்கள். அதிபர் போன வழியே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் மாமாவைப் பிடித்தேன். நானாதான் முதலில் நிறுத்தினார் என்றார். நானாவைப் பிடித்தேன். “ஒங்க மாமாதான் மொதல்ல,” என்றார், சிரித்துக்கொண்டே. இருவரில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்பது வரைக்கும் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையை மாற்றக்கூட இல்லை, அடுப்பை மூட்டிவிட்டாள். ஒரு கையால் சோற்றைக் கிளறிக்கொண்டு, மறு கையால் என் பள்ளிச் சீருடையை நனைத்துக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போய் நின்றேன்.

“எல்லாரும் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிட்டாங்க. அவ்வளவு நேரம் அந்த எடத்துல என்னம்மா செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல.”

“பொய் சொல்லாதீங்க. என்னமோ செஞ்சீங்க.”

“நெசமாத்தான் புள்ள,” என்று சிரித்தாள். “ஒண்ணுமே செய்யல.”

மாமாவுக்கும் நானாவுக்கும் தெரிந்த ரகசியம் எனக்கு மட்டும் கிடையாதா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, சோறு வேண்டாம் என்று மூலையில் போய்ச் சுருண்டுகொண்டேன். அம்மா கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தாள். பிறகு நனைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு, சாப்பாட்டுக் கோப்பையில் சோறு பிசைந்து எடுத்துவந்து, நகம் என் வாயில் பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்து ஊட்டிவிட்டாள்.