சித்திக்கு மட்டும் அடித்த ஷாக்

சித்தப்பா வீட்டு ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த மீன் தொட்டிதான். ஓய்வுபெற்ற பிறகு அவர் மைசூர் விஜயநகரில் கட்டிய வீடு அது. வந்தவர்கள் உட்கார நாற்காலி வாங்குவதற்கு முன்பே தொட்டி வந்துவிட்டது என்று சித்தி குத்திக் காட்டுவார். இரும்பு ஸ்டாண்டின் மேல், நீல விளக்கும் குமிழ் விடும் மோட்டாருமாக அது எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே பட்டை பட்டையாக ஏஞ்சல் மீன்கள். வேலை கிடைத்து மைசூர் வந்த நான் கல்யாணம் வரை அந்த வீட்டில்தான் தங்கியிருந்தேன். சித்தப்பாவுக்கு என்னைவிட மீன்கள் மேல்தான் பாசம் அதிகம் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

மார்கழிக் குளிரில் மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கின. சித்தப்பா உடனே ஒரு ஹீட்டர் வாங்கி வந்தார். விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். அது வந்து சில மாதங்களில் மெயின் போர்டிலிருந்த டிரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழ ஆரம்பித்தது. எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஸ்விட்ச் அது. வீடு கட்டும்போது சித்தப்பாவே கேட்டு வைத்தது. ஆனால் கிரிக்கெட் நடுவில் டிவி அணைந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஸ்விட்ச்தான் சரியில்லை என்று முடிவு கட்டி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னார். டைரக்டாகக் கனெக்‌ஷன் கொடுத்த பிறகு கரண்ட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

சித்தி கொள்ளேகால் பக்கத்து ஹனூர்க்காரர். வீட்டுக்குள் செருப்புப் போட்டால் லட்சுமி தங்கமாட்டாள் என்பவர். துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுதான் தொட்டியைச் சுத்தம் செய்வார். ஒருநாள் காலையில் துணியை உதறிவிட்டுப் பின்வாங்கினார்.

“ஏனுங்க, தண்ணியில கை பட்டாச் சுர்ருங்குதுங்க.”

சித்தப்பா எழுந்து வந்தார். முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. குதிகால் வலிக்கு டாக்டர் சொன்ன தடித்த ரப்பர் செருப்பு அவர் காலில் இருந்தது. கட்டிலை விட்டு இறங்கும்போதே மாட்டிக்கொள்வார். அந்தச் செருப்புதான் அவரைக் காப்பாற்றியது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சித்திக்கு நரம்புத் தளர்ச்சி என்று தீர்ப்பாகி, வைட்டமின் மாத்திரை வந்தது. அதன் பிறகு சித்தி சொல்லும்போதெல்லாம் அதே பரீட்சை, அதே சிரிப்பு. வீட்டுக்கு வருகிறவர்களிடம், தன் மனைவிக்கு மட்டும் மீன் ஷாக் கொடுக்கிறது என்று கதை வேறு. கொஞ்ச நாளில் சித்தி சொல்வதையே விட்டுவிட்டார். கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு துடைப்பார்.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் ஸ்க்ரூடிரைவருக்குக்கூடப் பொட்டு விழும். அன்று காலை வீடு முழுக்கக் கழுவி விட்டிருந்தோம். ஸ்கூட்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தாயிற்று. மோட்டார் ஓடுகிறதே, தொட்டிக்கு மட்டும் என்ன குறை என்று சித்தப்பா அதற்கும் ஒரு சாமந்திச் சரம் போட்டார். பூஜை என்பதால் காலில் செருப்பு இல்லை. கற்பூரம் காட்டும்போது சரம் நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

“கைய வெக்காதீங்க, மெயின ஆஃப் பண்ணிட்டு வர்றேன்” என்று சித்தி கிளம்பினார். நல்ல நாளில் இவள் ஆரம்பித்துவிட்டாள் என்பதுபோல் சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு கையால் இரும்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டார்.

சத்தம் எதுவும் வரவில்லை. அவர் விறைத்து நின்றதைப் பார்த்த சித்தி ஓடிப்போய் மெயினை அணைத்தார். தொட்டியின் உறுமல் நின்றது. சித்தப்பா அப்படியே சரிந்தார். அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே ஆட்டோவில் போனேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹீட்டர் கண்ணாடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம்.

துக்கத்துக்கு வந்தவர்கள், பூஜை செய்யும்போதே போகக் கொடுத்துவைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போலிருந்தது.

இப்போது அவர் கொள்ளேகாலில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமல் தானாகவே சொன்னார்.

“கைய உள்ள வெச்சதும் என்னையத் திரும்பிப் பாத்தாரு கண்ணு. பேச்சு வரல. ஆனா அந்தப் பார்வையிலயே தெரிஞ்சுது, நான் சொன்னத அப்பத்தான் நம்புனாரு.”