மடை போட்ட விடுகதை

மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒதுங்க இடம் கிடையாது. கீழே ரோட்டில் பஸ் போகும், மேலே வேலையை மேய்க்கும் கங்காணி நிற்பார். காலையில் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் ஒதுங்கிவிட்டுப் போவதுதான். அப்புறம் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே தண்ணீர் குடிக்க மாட்டோம்.

அலுப்புத் தெரியாமலிருக்க விடுகதை போட்டுக்கொண்டே பறிப்போம். ஒருநாள் நான் போட்டேன்: "விடியக் கட்டுன மடை, பொழுது சாயத் தொறக்குது. பயிருக்கும் பாயல, பக்கத்துல யாருக்கும் தெரியல. கட்டுனவ வயித்துலதான் நெருப்பு. அது என்னா?"

பக்கத்து நிரை அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அடி பாவி, சிரிக்க வைக்காதடி! இங்கயே மடை ஒடஞ்சிரும்!"

அதே அக்கா பிறகு நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். தண்ணி குடிக்கிறதுக்கு என்ன கேடு என்று டாக்டர் ஏசியபோது, காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லையாம். வெட்கம். அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கூடைக் கயிறு தின்ற உச்சிமுடி, கால்வழியே இறங்குவது அட்டைக்கடியா மாதவிலக்கா என்று தெரியாத இரத்தம், எல்லாமே விடுகதையாக வந்தன. பதுளையில் ஓர் இலக்கிய வட்டம் பெண்கள் மலர் போடுவதாகக் கேள்விப்பட்டு அனுப்பி வைத்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த புதிது அது.

மலரின் ஆசிரியர் பதுளைக்குக் கூப்பிட்டனுப்பினார். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து பதுளையிலேயே தங்கிவிட்ட மனிதர், நல்லவர்தான்.

"பிள்ளை, மற்றதுகளைப் போடலாம். உந்த மடையை மட்டும் எடுத்துவிடுவம். மூத்திரக் கதையை ஆக்கள் வாசிப்பினமே?"

"வாசிக்கத்தானே சேர் எழுதுனேன்."

"கொழுந்து கிள்ளுற விரல், பனி, எவ்வளவு வடிவான விசயங்கள் இருக்கு. அதைக் கவிதையா எழுதித் தாருமன்."

விரல் மட்டும் தனியாக மலையேறிப் போகிறதா? அடிவயிறும் கூடத்தானே போகிறது! தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நான் வாயைத் திறப்பதற்குள், "கொஞ்சம் இரும் பிள்ளை, வாறன்" என்று எழுந்து பின்பக்கம் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஈரக்கையை உதறிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "ஓம், இப்ப சொல்லும்."

"போய்ட்டு வந்தது சொகமா இருக்கா சேர்?"

அவர் முகம் கறுத்தது. "உதென்ன கதை?"

"விடுகதைக்கு வெடை. தாங்க, எல்லாத்தையும் தாங்க."

"மற்றதையாவது விட்டிட்டுப் போம்."

விடவில்லை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். பெரகல வருமுன்பே அடிவயிறு முறுக்கத் தொடங்கியது. விடியற்காலையில் ஊரில் ஒதுங்கிவிட்டு ஹல்துமுல்லையில் பஸ் ஏறினவள் நான். அவ்வளவு வாயாடிய நான், அந்தப் பின்பக்கக் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்கவேயில்லை.